மைல் எப்போது காலாவதியாகும் என்பதையும் எழுதுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிறுவனங்கள் பறப்பதற்கும் செலவழிப்பதற்கும் நம் கணக்கில் போடும் சலுகைப் புள்ளிகளைத்தான் மைல் என்கிறோம். எந்த கிரெடிட் கார்டில் செலவழித்தால் எத்தனை மைல் வரும், எத்தனை மைலுக்கு எந்த டிக்கெட் கிடைக்கும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன, நானும் விடாமல் படிக்கிறேன். நல்ல கட்டுரைகள்தான். ஆனால் சேர்த்த மைல் எப்போது காலாவதியாகும், அதை எப்படிக் கண்காணிப்பது என்று உருப்படியாக ஒரு பத்திகூட வருவதில்லை, வந்தாலும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மாதத்துக்கு நாலு தடவை பறக்கிறவருக்கு இது பொருட்டே இல்லை, அவர் கணக்கில் ஏதாவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க நீண்ட தூரம் போய் வருகிறவர்கள், படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர்கள், வேலை மாறியதால் பயணம் நின்றுபோனவர்கள், இவர்கள்தான் மொத்தமாக இழக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், நீளமாகத் தெரிந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

'மைலுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு' என்று பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு பொது விதியே கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மாறுவது வருடக் கணக்கு மட்டும் அல்ல, கணக்குப் போடும் முறையே வேறு. சில திட்டங்களில் ஒவ்வொரு மைலுக்கும் தனித்தனியாக ஆயுள் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் 36 மாதம், ஜப்பானிய விமான நிறுவனங்களான ஏஎன்ஏ, ஜேஏஎல் இரண்டிலும் அதே 36 மாதம். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் மூன்று வருடக் கணக்கு, அது முடிவதோ உறுப்பினர் பிறந்த மாதத்தின் கடைசியில். இந்த வகையில் நீங்கள் இடையில் எத்தனை தடவை பறந்தாலும் பழைய மைலின் தேதி நகராது. போன மாதம் பறந்தேனே, கணக்கு நடப்பில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், அதே வாரத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய மைல் கழிந்துபோயிருக்கும்.

இன்னொரு வகை, கணக்கில் நடமாட்டம் இருந்தால், அதாவது மைல் வந்தாலோ செலவானாலோ, மொத்த இருப்புக்கும் ஆயுள் நீளும், நடமாட்டம் இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே நாளில் பூஜ்யமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸிலும் ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்திலும் இது 18 மாதம். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் கொடுக்கும் ஏவியோஸ் என்ற புள்ளிகளுக்கு 36 மாதம். மூன்றாவதாக, காலாவதியே இல்லை என்று அறிவித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களில் டெல்டா 2011-லேயே காலாவதி விதியை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019-ல் எடுத்தது. அப்பாடா என்று உட்கார வேண்டாம், அதே 2019-ல்தான் தன் விமானங்களுக்கு எத்தனை மைல் என்று சொல்லும் நிலையான அட்டவணையையும் யுனைடெட் எடுத்துவிட்டது. மைல் சாகாது, ஆனால் அதற்கு என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் அன்றன்றைக்கு முடிவு செய்வார்கள். இருபது வருடம் வைத்திருந்து ஓய்வுக்குப் பிறகு உலகம் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

இதற்கு மேல், விதியே நடுவில் மாறும். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் நிறுவனத்தின் ஏசியா மைல்ஸ் திட்டம் முன்பு முதல் வகையில் இருந்தது, 36 மாதம் என்று கறாரான ஆயுள். 2020 ஜனவரி 1 முதல் சேரும் மைலுக்கு 18 மாத நடமாட்ட விதி வந்தது. அதற்கு முன் சேர்த்ததற்குப் பழைய விதியே தொடர்ந்தது. ஆக, ஒரே கணக்கில் ஒரே உறுப்பினரின் மைல் இரண்டு வெவ்வேறு விதிப்படி காலாவதியாகிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு யாரால் கணக்குப் பார்க்க முடியும்?

சரி, ஆப் இருக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். எந்த ஆப்பை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் மொத்த இருப்பு. அதற்குக் கீழே இன்னும் இத்தனை மைல் சேர்த்தால் வெள்ளி உறுப்பினர், இத்தனை சேர்த்தால் தங்க உறுப்பினர் என்று ஒரு பட்டை. அதற்குக் கீழே ஹோட்டல், வாடகை கார், பரிசு அட்டை விளம்பரங்கள். காலாவதி தேதி எங்கே? பெயரைத் தட்டி, கணக்கு விவரத்துக்குப் போய், அங்கே பரிவர்த்தனைகள் என்று இருப்பதைத் தட்டி, அதிலும் இன்னொரு பக்கம் தள்ளினால் வெளிறிய சிறு எழுத்தில் மாதவாரியாக நாலைந்து வரிகள் கிடக்கும். நடமாட்ட விதி உள்ள சில திட்டங்களில் அதுகூடக் கிடையாது, கடைசிப் பரிவர்த்தனை தேதி மட்டும்தான், மிச்சத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். இரட்டிப்பு மைல், திருவிழா மைல், வார இறுதி மைல் என்று மெயில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு 'அடுத்த மாதம் உங்கள் மைல் போகிறது' என்று தெளிவாக ஒரு மெயில் அனுப்பத் தெரியாதா? அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்த மெயில் விளம்பர மெயில் மாதிரியே அதே தலைப்பு, அதே படத்தோடு வந்து விளம்பரங்கள் விழும் பெட்டியிலேயே போய் விழுகிறது. ஒரு நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் இதைக் கேட்டேன், பெயர் வேண்டாம். விளம்பர மெயில் வேண்டாம் என்று நீங்கள் நிறுத்தியிருந்தால் காலாவதி நினைவூட்டலும் வராது சார் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, அப்படி வடிவமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நாமே குறித்து வைப்பதைத் தவிர வழியில்லை. இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், ஒரு எக்செல் தாளோ பழைய டைரியின் ஒரு பக்கமோ போதும். பெரும்பாலானவர்கள் நிறுவனத்தின் பெயர், உறுப்பினர் எண், இருப்பு மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கண்காணிப்பதாக நினைக்கிறார்கள். இருப்பு எவ்வளவு என்பதில் ஒன்றும் இல்லை, அது ஆப்பிலேயே தெரியும். எழுத வேண்டியது இந்தத் திட்டம் எந்த வகை, தனித்தனி ஆயுளா, நடமாட்டமா என்பது. அப்புறம் அடுத்து கழியப்போகும் தேதி, அன்று கழியப்போகும் அளவு. தனித்தனி ஆயுள் என்றால் ஒரே கணக்குக்கு நாலைந்து வரிகூட வரும், அலுத்துக்கொள்ளாமல் எழுதத்தான் வேண்டும். நடமாட்ட வகை என்றால் ஒரே வரி, கடைசி நடமாட்டம் எந்தத் தேதி, எதனால் வந்தது என்று. 'எதனால்' என்பதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், அடுத்த தடவை எதைச் செய்தால் கணக்கு உயிர் பிழைக்கும் என்பதற்கு அதுதான் நிரூபிக்கப்பட்ட வழி. அந்தத் தேதியைப் போன் காலண்டரில் போடும்போது ஒரு வாரம் முன்னால் போடாதீர்கள், ஆறு மாதம் முன்னால் ஒன்று, இரண்டு மாதம் முன்னால் ஒன்று என்று போடுங்கள். ஒரு வாரத்தில் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். நடமாட்டம் என்றால் ஆப்பில் உள்ளே நுழைந்து பார்ப்பது அல்ல. மைல் வர வேண்டும், அல்லது செலவாக வேண்டும். பறக்கவே வேண்டும் என்பதில்லை, பல திட்டங்களில் கூட்டு நிறுவனத்தின் ஹோட்டலில் தங்கினாலும், அவர்களுடைய ஷாப்பிங் தளம் வழியாக ஏதாவது சின்னப் பொருள் வாங்கினாலும், வங்கிப் புள்ளிகளில் கொஞ்சத்தை மாற்றினாலும், ஆயிரம் மைலைக் காசு கொடுத்து வாங்கினாலும் போதும். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்வது நீங்கள் செய்த தேதியை அல்ல, மைல் உங்கள் கணக்கில் பதிவான தேதியை என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. ஷாப்பிங் தளத்தில் வாங்கினால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை மைல் போட மாட்டார்கள், அதற்குள் உங்கள் தேதி தாண்டிவிடும். குடும்பத்துக்குள் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றினால் அதுவும் நடமாட்டம்தானே என்று கேட்பார்கள், குவாண்டாஸ் மாதிரியான திட்டங்களில் அது சேராது. அந்தந்தத் திட்டத்தின் விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

காசு கொடுத்து நீட்டிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கிரிஸ்ஃப்ளையர் மாதிரி சில திட்டங்களில் கட்டணமோ மைலோ வாங்கிக்கொண்டு ஆறு மாதம் நீட்டித்துத் தருவார்கள். காலாவதியாகிப் போனதை மீட்டுத் தருகிறவர்களும் உண்டு, அதற்குக் கட்டணம் கூடுதல். அடுத்த ஆறு மாதத்தில் எந்தப் பயணம் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் கொடுங்கள். தெரியாது என்றால், கட்டணத்தையும் கட்டி அப்புறம் மைலையும் இழக்கத்தான் அது வழி. அதேபோல் கடைசி நேரப் பதற்றத்தில் பரிசுப் பொருள் பட்டியலைத் திறந்து பிரஷர் குக்கரும் ஹெட்போனும் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டாக எடுத்தால் கிடைக்கும் மதிப்பில் சின்னப் பங்குகூட அதில் தேறாது. வேறு வழியே இல்லாதபோது ஒன்றுமில்லாததற்கு குக்கர் மேல், அவ்வளவுதான்.

கழிவதற்குள் பயன்படுத்த வேண்டும் என்றால் அந்தத் தேதிக்குள் பறந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் அந்தத் தேதிக்குள் டிக்கெட் எடுத்தால் போதும், பயணம் பல மாதம் கழித்து இருக்கலாம், ஏறக்குறைய ஒரு வருடம் முன்னாலேயே பதிவு செய்ய முடிகிறது. காலாவதி நெருங்கும் மைலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அப்படி எடுத்த டிக்கெட்டைப் பின்னால் ரத்து செய்தால் மைல் திரும்பி வரும், ஆனால் தனித்தனி ஆயுள் உள்ள திட்டங்களில் பெரும்பாலும் அதன் பழைய தேதியோடு வரும். தேதி தாண்டியிருந்தால் வந்த வேகத்தில் போய்விடும், ரத்துக் கட்டணம் மட்டும் நம் தலையில். ஆகவே காலாவதி நெருங்கிய மைலில் எடுக்கும் டிக்கெட் கட்டாயம் போகப்போகும் பயணத்துக்காக இருக்கட்டும், 'எடுத்து வைப்போம், அப்புறம் பார்க்கலாம்' வேண்டாம்.

வங்கி கார்டில் சேரும் புள்ளிகளை வந்த வேகத்தில் விமானக் கணக்குக்கு மாற்றிவிடுவதும் தேவையில்லாத அவசரம். மாற்றிய நாளிலிருந்து விமான நிறுவனத்தின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, திரும்ப வங்கிக்குக் கொண்டுவர பெரும்பாலும் முடியாது. வங்கிப் புள்ளிக்கே காலாவதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, டிக்கெட் இருப்பது உறுதியான பிறகு மாற்றுங்கள். போர்டிங் பாஸை மட்டும், மைல் கணக்கில் ஏறும்வரை, கிழித்துப்போடாதீர்கள். விடுபட்ட மைலைக் கேட்டு வாங்க அதுதான் சான்று, அதற்கும் ஒரு கெடு உண்டு, பல நிறுவனங்களில் ஆறு மாதம்.

எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் காட்டும் சேவைகள் இருக்கின்றன, அவார்ட்வாலட் அதில் பழையது. உபயோகமானவைதான், பத்துப் பன்னிரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு நேரம் மிச்சம். ஆனால் அவை வேலை செய்ய நம் உறுப்பினர் எண்ணும் பாஸ்வேர்டும் வேண்டும், அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சில அப்படித் தங்கள் தளத்துக்குள் வந்து படிக்கக் கூடாது என்று தடுத்தும் இருக்கின்றன. இரண்டு மூன்று கணக்குதான் என்றால் டைரிப் பக்கமே மேல் என்பது என் கட்சி. இன்னொன்று, 'உங்கள் புள்ளிகள் இன்று இரவு காலாவதியாகின்றன, உடனே இந்த லிங்கைத் தட்டவும்' என்று வரும் எஸ்எம்எஸ். கார்டு எண்ணையும் ஓடிபியையும் பிடுங்க மோசடிக்காரர்களுக்கு நல்ல தூண்டில் அது. தன் மைல் எந்தத் தேதியில் போகும் என்று தெரியாதவர்தான் அதில் மாட்டுவார். டைரியில் அடுத்த மார்ச் என்று எழுதி வைத்திருப்பவரை இன்று இரவு என்று யாரும் பயமுறுத்த முடியாது.

பெற்றோர் கணக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு டிக்கெட் எடுத்தது பிள்ளை, உறுப்பினராகச் சேர்த்தது பிள்ளை, கொடுத்த மெயிலும் போன் எண்ணும் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை எண்ணை மாற்றிவிட்டால் கணக்குக்குள் நுழையவே முடியாது. அடுத்த பயணத்துக்கு வேறொரு பிள்ளை டிக்கெட் எடுக்கும்போது பழைய எண் தெரியாமல் புதிதாக ஒரு கணக்கு திறப்பார், பெயரில் ஒரு இனிஷியல் முன்பின் மாறியிருக்கும். இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, இரண்டிலும் டிக்கெட்டுக்குப் போதாத இருப்பு, முதலில் இருப்பது காலாவதியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கித் தருவார்கள், பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், அலைச்சல்தான் ஆனாலும் நடக்கும். குடும்பத்துக்கு ஒரே கணக்காகச் சேர்த்து வைக்கும் வசதி பல திட்டங்களில் இருக்கிறது, அதைத் திறந்தவர் பெயரையும் டைரியில் எழுதுங்கள். உறுப்பினர் இறந்துவிட்டால் மைல் வாரிசுக்கு வருமா என்பது முழுக்க நிறுவனத்தின் விருப்பம். பல விதிமுறைகளில் மைல் உறுப்பினரின் சொத்தே அல்ல என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

சொத்து அல்ல என்று நம்மிடம் சொல்கிறவர்கள் கடன் கொடுப்பவர்களிடம் வேறு மாதிரி சொன்னார்கள். 2020-ல் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது, டெல்டா தன் ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி. அடுத்த வருடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி. 1981-ல் அதே அமெரிக்கன் தன் திட்டத்தை அட்வான்டேஜ் என்று தொடங்கியபோது அது அடிக்கடி பறக்கிறவருக்கு ஒரு சலுகை, இன்று வங்கிகளுக்கு மொத்தமாக மைல் விற்கும் வியாபாரம். நம் கணக்கில் இருக்கும் மைல் அவர்கள் ஏட்டில் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கியாக நிற்கிறது, இதில் இவ்வளவு யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பீடும் போட்டு அதை வருமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கியல் விதிப்படி சரியானதுதான். ஆனால் நம் மறதியில் லாபம் பார்க்கிறவரிடமே நினைவூட்டும் பொறுப்பையும் விட்டுவைத்திருக்கிறோம்.

சட்டம் வந்தால் மாறும் என்பதற்குக் கனடாவே சாட்சி. அங்கே ஏர் மைல்ஸ் என்ற புள்ளித் திட்டம், ஐந்து வருடம் தாண்டிய மைல் எல்லாம் 2016 டிசம்பர் 31-ல் போய்விடும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, ஒன்டாரியோ மாகாணத்தில் காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகள் காலாவதியாகக் கூடாது என்று சட்ட மசோதா வந்தது, நிறுவனம் கெடு வருவதற்கு முன்பே பின்வாங்கிவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2024 செப்டம்பரில் நாலு பெரிய விமான நிறுவனங்களிடம் அவர்களுடைய மைல் திட்டங்களைப் பற்றி விவரம் கேட்டு உத்தரவு போட்டது. எல்லா இடத்திலும் காலாவதியையே ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைச் செய்தால் டிக்கெட்டுக்கான மைலை ஏற்றிவிடுவார்கள் என்பது யுனைடெட் டெல்டா உறுப்பினர்களுக்குத் தெரிந்த கதை. மொத்த இருப்பு காட்டும் அதே திரையில், அதே அளவு எழுத்தில், அடுத்து கழியும் தேதியும் அளவும் இருக்க வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்றவருக்கும் நினைவூட்டல் போக வேண்டும், மூன்று மாதம் முன்னால் ஒன்று, ஒரு மாதம் முன்னால் ஒன்று. இதற்கு எந்த நிறுவனமும் திவாலாகாது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. கார்டுகளையும் மைல் திட்டங்களையும் ஒப்பிட்டு அட்டவணை போடும்போது சேரும் மைலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் ஒதுக்கி, எந்த வகைக் காலாவதி, எத்தனை மாதம், பயணம் செய்யாமல் நீட்டிக்க என்ன வழி என்று போடுங்கள். விதி மாறும்போது அதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது கொடுங்கள், புதிய கார்டு அறிமுகமாவதற்குக் கொடுக்கும் இடத்தில் பாதி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்